பள்ளியில் எண்முறைக் கலைக்கூடம்: சாமான் வாங்கிக் கொடுத்தால் போதுமா?



சென்ற மாதம் எங்கள் பகுதிச் சங்கக் கூட்டத்திற்குத் திருமழிசைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை வந்திருந்தார். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படம் வரையவும், வரைந்ததைக் கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாகச் செய்யவும் ஒரு கூடம் அமைக்க வேண்டும், அதற்கு வணிகர்கள் உதவ வேண்டும் என்று கேட்டார். நல்ல காரியம்தான். ஆனால் கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "அண்ணாச்சி, போன தடவை கொடுத்த கம்ப்யூட்டர் கதை மாதிரி ஆயிடாதே?" என்றார். எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியதுதான். அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு முன்னின்று வசூல் செய்தவன் நான்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளிக்கு நாங்கள் பத்து கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தோம். பந்தல் போட்டோம், மாலை போட்டோம், பெயர்ப்பலகை அடித்தோம். இரண்டு ஆண்டு கழித்து ஒரு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனபோது அறை பூட்டிக் கிடந்தது. யு.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சொல்லிக் கொடுத்த ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டார். நான்கு பெட்டிகளுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. எங்கள் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது.

இதற்குப் பள்ளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது ஆண்டாக ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்கிறேன். சரக்கு இறக்கிவிட்டால் கடை ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். கடைக்கு ஆள் வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், தீர்ந்த சரக்கு மறுபடி வர வேண்டும், உடைந்ததைச் சரிசெய்யக் கையில் காசு வேண்டும். சொந்தக் கடையில் தினமும் செய்கிற கணக்கைப் பள்ளிக்குக் கொடுக்கும்போது செய்ய மறந்துவிட்டோம். குற்றம் எங்களுடையது.

ஆகவே இந்த முறை பணம் வசூல் செய்யும் முன்பு விவரம் வசூல் செய்வோம் என்று நான்கு பேர் கிளம்பினோம். இத்தகைய கூடம் நடக்கிற ஒரு பள்ளியை நேரில் பார்த்தோம். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டோம். அறிந்ததை மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அது என்ன கூடம்?

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. முதல் பாதி கலை. கம்ப்யூட்டரில் படம் வரைவது, எழுத்து வடிவமைப்பது, குரல் பதிவு செய்வது, கார்ட்டூன் போல ஓடும் படம் செய்வது. இரண்டாம் பாதி தயாரிப்பு. வரைந்த படத்தை மெஷினுக்கு அனுப்பி அட்டையில், பலகையில், பிளாஸ்டிக்கில் பொருளாக எடுப்பது. இந்த இரண்டும் ஒரே அறையில் இருப்பதுதான் இதன் சிறப்பு.

இதில் வரும் மெஷின்கள் நமக்குப் புதியவை அல்ல. ஸ்டிக்கர் கட்டிங் மெஷினை வண்டிக்கு நம்பர் ஒட்டும் கடையில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிறு கத்தி ஒன்று கம்ப்யூட்டர் சொன்ன கோட்டில் ஓடி வினைல் தாளை வெட்டும். லேசர் வெட்டும் மெஷின், சிறுவயதில் லென்ஸை வெயிலில் பிடித்துக் காகிதம் பொசுக்குவோமே, அதன் பெரிய அண்ணன். பிளைவுட், அக்ரிலிக், அட்டை எல்லாவற்றையும் கோடு பிசகாமல் அறுக்கும்.

த்ரீ-டி பிரிண்டர் என்பது ஜாங்கிரி பிழிவது போன்றது. 1.75 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் கம்பி ஒரு முனைக்குள் போய் 200 டிகிரி அளவுக்குச் சூடாகி உருகி, 0.4 மில்லிமீட்டர் துளை வழியே இழையாக வரும். அடுக்கின்மேல் அடுக்காகப் பிழிந்து பொருளை வளர்க்கும். ஒரு அடுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால் இரண்டு அங்குல உயரத்திற்கு ஏறக்குறைய 250 அடுக்கு. 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்ற விரிவுரையாளர், யாரும் செய்துகொள்ளும்படி இதன் வரைபடத்தைத் திறந்து கொடுக்கும் முயற்சியைத் தொடங்கினார். இந்த முறைக்கான அடிப்படைக் காப்புரிமையும் 2009-ல் முடிந்தது. அதன் பிறகுதான் லட்சக்கணக்கில் விற்ற மெஷின் ஆயிரக்கணக்கிற்கு இறங்கி வந்தது.

இவற்றோடு ஆர்டுயினோ போன்ற சிறு எலெக்ட்ரானிக் பலகைகள் இருக்கும். 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்கென்றே உருவானது இது. விளக்கு எரிய, மோட்டார் சுற்ற, வெப்பம் அளக்கப் பிள்ளைகள் இதில் கட்டளை எழுதிப் பழகலாம். கூடவே நமக்குத் தெரிந்த சுத்தியல், ரம்பம், திருப்புளி, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். கூடத்தில் அதிகம் புழங்குவது இந்தக் கைக்கருவிகள்தாம் என்று அங்கிருந்த ஆசிரியர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாபல் கிராமம் காட்டிய வழி

இது ஏதோ வெளிநாட்டு வேடிக்கை, நகரத்துப் பணக்காரப் பள்ளிக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தின் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998-ல் 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி' என்ற பெயரில் ஒரு வகுப்பு தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததே 'ஃபேப் லேப்' எனும் தயாரிப்புக் கூடம். அந்த நிறுவனத்திற்கு வெளியே இத்தகைய கூடம் முதன்முதலில் 2002-ல் அமைந்த ஊர்களில் ஒன்று நம் நாட்டில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டம், பாபல் என்ற வறண்ட கிராமம்.

அங்கே விஞ்ஞான் ஆசிரமம் என்ற பள்ளியை 1983-ல் தொடங்கியவர் டாக்டர் கல்பாக். ஹிந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த விஞ்ஞானி அவர். படிப்பை விட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வேலை செய்தபடியே படிப்பது என்ற முறையில் வெல்டிங், தச்சு, விவசாயம், வீட்டு மின்வேலை எல்லாம் கற்றுக் கொடுத்தார். பிள்ளைகள் ஊராருக்குத் தேவையானதைச் செய்து கொடுத்தார்கள். புதிய கூடம் வந்தபோதும் அவர்கள் பொம்மை செய்துகொண்டு உட்காரவில்லை. பாலைச் சோதிக்கும் கருவி, டீசல் எஞ்சினின் ஓட்டத்தைச் சரிபார்க்கும் கருவி என்று ஊரில் உள்ளவர்களின் தேவையையே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மெஷின் வருவதற்குப் பத்தொன்பது ஆண்டு முன்பே அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது, சொல்லிக் கொடுக்க ஆளும் இருந்தார். ஆள் இருந்த இடத்திற்கு மெஷின் வந்தது. நாங்கள் கம்ப்யூட்டர் கொடுத்தபோது இதைத் தலைகீழாகச் செய்துவிட்டோம்.

பக்கத்து மாநிலமான கேரளத்தையும் பார்க்கலாம். 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றத்தை அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். ஓடும் படம் செய்வது, தாய்மொழியில் கம்ப்யூட்டர் பயன்படுத்துவது, எலெக்ட்ரானிக் வேலை எல்லாம் அதில் உண்டு. வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவராமல் அந்தப் பள்ளியின் ஆசிரியர்களையே இரண்டு பேராகப் பொறுப்பில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் மாறுதலானாலும் இன்னொருவர் இருப்பார். கடையில் சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும் என்போமே, அதே கணக்கு.

அரசாங்கம் போடும் கணக்கு

மத்திய அரசின் நிதி ஆயோக் 2016-ல் அடல் புத்தாக்க இயக்கத்தைத் தொடங்கியது. அதன்கீழ் பள்ளிகளில் 'அடல் டிங்கரிங் லேப்' அமைக்க மானியம் கொடுக்கிறார்கள். 6 முதல் 12 வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கானது. நாடெங்கும் 10,000-க்கு மேற்பட்ட பள்ளிகளில் அமைந்துவிட்டன. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 கூடங்கள் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

இந்த மானியம் பிரிக்கப்பட்ட விதத்தை வணிகர்கள் கவனிக்க வேண்டும். கூடம் அமைக்கவும் சாமான் வாங்கவும் 10 லட்சம் ரூபாய் வரை. நடத்தும் செலவுக்கு, அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு, இன்னொரு 10 லட்சம் ரூபாய் வரை. ஆக மொத்தம் 20 லட்சத்தில் சரிபாதி நடத்துவதற்கு! சாமானுக்கு ஒரு ரூபாய் என்றால் நடத்த ஒரு ரூபாய். அதையும் ஒரே தடவையாகக் கொடுப்பதில்லை. செலவுக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை.

இந்தக் காகிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் பத்து கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் சாமானுக்கு முழு ரூபாய், நடத்துவதற்குப் பூஜ்யம் கொடுத்திருந்தோம்.

திருமழிசைக்காரர்களுக்கு இதை விளக்க இன்னொரு உதாரணமும் இருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு காய்கறி மொத்த மார்க்கெட் இங்கே தற்காலிகமாக மாறி வந்தது நினைவிருக்கும். சில நாட்களில் கொட்டகைகள் வந்துவிட்டன. ஆனால் மழை பெய்ததும் சேறு. வண்டி நிற்க, சரக்கு நனையாமல் காக்க, கழிவை அள்ள என்று ஒவ்வொன்றுக்கும் திண்டாட்டம். செப்டம்பர் கடைசியில் வியாபாரிகள் கோயம்பேடு திரும்பும்வரை தினப்பாடுதான் பெரும்பாடு. கொட்டகை போடுவது ஒரு வேலை, அதில் தினமும் வியாபாரம் நடத்துவது வேறு வேலை என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

எதை முதலில் வாங்குவது?

நேரில் பார்த்த கூடத்தில் அறிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அறை. தரைத்தளமானால் வெள்ளம் ஏறாத இடம், மாடியானால் ஒழுகாத கூரை. கதவு, ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்க்காமல் ஒரு மெஷினும் உள்ளே போகக்கூடாது. த்ரீ-டி பிரிண்டர் பாதி வேலையில் இருக்கும்போது கரண்ட் போனால் பெரும்பாலும் அந்தப் பொருள் வீண்தான். எனவே யு.பி.எஸ். கட்டாயம். பேட்டரி சில ஆண்டுகளில் தேயும் பொருள் என்பதால் அதற்கு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்து மெஷின். எல்லோரும் த்ரீ-டி பிரிண்டரைத்தான் முதலில் கேட்கிறார்கள், ஏனென்றால் திறப்பு விழாவுக்கு அது அழகு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளங்கை அளவுப் பொருளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒன்று செய்ய 80 மணி நேரம். ஒரு பிரிண்டரை நம்பினால் பிள்ளைகள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஸ்டிக்கர் கட்டிங் மெஷினோ சில நிமிடத்தில் ஒருவர் வேலையை முடித்துவிடும். விலையும் குறைவு. ஆகவே முதலில் கைக்கருவிகளும் ஸ்டிக்கர் மெஷினும். பிறகு இரண்டு சிறு த்ரீ-டி பிரிண்டர். லேசர் மெஷின் இரண்டாம் ஆண்டில், ஆள் பழகிய பிறகு வரட்டும்.

மூன்றாவது தீரும் பொருள். த்ரீ-டி பிரிண்டருக்கான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் கம்பி கிலோ ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். மக்காச்சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து செய்வது. ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் கெட்டுவிடும். அப்பளத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது போல, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைக்க வேண்டும். லேசர் மெஷினில் உள்ள கண்ணாடிக் குழாயும் டியூப் லைட் போல ஒருநாள் மாற்ற வேண்டியதுதான்.

நான்காவது பாதுகாப்பு. லேசரில் ஃப்ளெக்ஸ், ரெக்ஸின் போன்ற பி.வி.சி. சரக்கை வெட்டவே கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் கலந்த அமில வாயு பிள்ளைகளின் நுரையீரலைக் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும். கடைகளில் மிஞ்சிய ஃப்ளெக்ஸைப் பள்ளிக்குத் தர்மமாகக் கொடுக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். லேசர் ஓடும்போது ஆள் விலகக்கூடாது. தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது மென்பொருள். படம் வரைய இங்க்ஸ்கேப், கிம்ப், ஓடும் படத்திற்கும் உருவம் செய்யவும் பிளெண்டர், குரல் பதிவுக்கு ஆடாசிட்டி. இவை எல்லாம் சட்டப்படியே இலவசம். திருட்டுக் காப்பி போட்டு வைரஸை வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை. யூனிகோடு தமிழ் எழுத்துருக்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதில் நமக்கு என்ன?

"நம் பிள்ளைகள் எல்லாம் வேறு பள்ளியில் அல்லவா படிக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாங்கள் போன பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒன்று கம்ப்யூட்டரில் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அந்தப் பாக்கெட்டில் ஒட்ட லேபிள் வரைகிறதாம். வெள்ளைக் கிண்ணம், அதன்மேல் ஆவி, கீழே அழகான தமிழ் எழுத்தில் அம்மாவின் பெயர். பார்க்க லட்சணமாக இருந்தது.

"ரொம்ப நல்லாயிருக்கும்மா. எடை எங்கே?" என்று கேட்டேன்.

"எடை போடணுமா தாத்தா?"

"எடை போடணும், விலை போடணும், தயாரித்த தேதி போடணும், யார் தயாரித்தது என்று முகவரி போடணும். உணவுப் பொருள் ஆச்சே, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் போடணும். இல்லாவிட்டால் கடைக்காரர் வாங்க யோசிப்பார்."

அந்தப் பெண் ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஆசிரியர், "ஐயா, இது எங்களுக்கே தெரியாது. மாதம் ஒரு தடவை யாராவது வணிகர் வந்து உட்கார்ந்தால் போதும்" என்றார். எங்களிடம் பணத்தைவிட வேறு எதையோ அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நம் கடைகளில் எத்தனை தேவை இருக்கிறது! விலை எழுதும் அட்டை, அலமாரிக்குப் பெயர், உடைந்த டப்பாவுக்கு மூடி, பாக்கெட்டுக்கு லேபிள், கடைக்குப் பலகை. இவற்றைப் பிள்ளைகளுக்கு வேலையாகக் கொடுத்தால் அவர்களுக்கு அது பாடம். ஒன்று சொல்லிவிடுகிறேன், இலவசமாகச் செய்துவாங்கும் ஆளாகப் பள்ளியை நினைக்கக்கூடாது. போர்டு எழுதும் கலைஞர்களின் பிழைப்பு ஃப்ளெக்ஸ் வந்தபோது எப்படிப் போயிற்று என்று நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைக் கூடத்திற்கு அழைத்து, தமிழ் எழுத்தின் சுழியும் வளைவும் எப்படி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கச் செய்தால் இரு பக்கமும் நன்மை.

சொல்லிக் கொடுக்க ஆளுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை. திருமழிசையில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களிலிருந்து நடக்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இங்கெல்லாம் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். வெர்னியர் பிடிக்கத் தெரிந்த அந்தக் கைகள் சும்மா இருக்கின்றன. வாரம் இரண்டு மாலை அவர்களை அழைத்து வழிச்செலவும் மதிப்பூதியமும் கொடுத்தால் கூடத்திற்கு உயிர் வந்துவிடும்.

எங்கள் கணக்கு

எங்கள் சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினர் 60 பேர். கீழ்க்கண்ட கணக்கைப் போட்டிருக்கிறோம். கொட்டேஷன் வந்தபின் சிறிது மாறலாம்.

சாமானுக்கு ஒரு தடவை ஆளுக்கு 5,000 ரூபாய். ஆக 3 லட்சம். இதில் வயரிங், எர்த்திங், யு.பி.எஸ். 60,000. இரண்டு த்ரீ-டி பிரிண்டர் 60,000. ஸ்டிக்கர் மெஷின் 35,000. மேசை, கைக்கருவிகள் 45,000. எலெக்ட்ரானிக் சாமான் 30,000. வரையும் பலகை, மைக், கேமரா 30,000. பாதுகாப்புச் சாமான் 10,000. மீதி 30,000 கையிருப்பு. கம்ப்யூட்டர் பள்ளியிலேயே இருப்பதால் அதை வாங்கவில்லை.

நடத்துவதற்கு மாதம் ஆளுக்கு 140 ரூபாய், மூன்று ஆண்டுக்கு. ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை, ஒரு டீ விலைகூட இல்லை. மாதம் 8,400 சேரும். சொல்லிக் கொடுப்பவருக்கு 5,000, தீரும் பொருளுக்கு 2,000, பழுது பார்க்கவும் பேட்டரிக்கும் 1,400. மூன்று ஆண்டில் 3,02,400 ரூபாய். பார்த்தீர்களா, இங்கும் ஏறக்குறைய சாமானுக்கு ஒரு ரூபாய், நடத்த ஒரு ரூபாய்.

பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு, அவர்கள் கணக்கிலேயே கட்ட வேண்டும். தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிக்கு உதவலாம். வருமான வரியில் நன்கொடைக் கழிவு எதிர்பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. பெறுகிறவருக்கு அந்தச் சலுகைக்கான அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும், நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வரிமுறையில் அது பொருந்துமா என்பதையும் உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பள்ளியிடம் நாங்கள் மூன்றே கேட்டிருக்கிறோம். ஒன்று, பொறுப்புக்கு இரண்டு ஆசிரியர் பெயர். இரண்டு, கால அட்டவணையில் வாரம் இரண்டு பீரியடாவது கூடத்திற்கு. மூன்று, ஒரு நோட்டு. அதில் யார் வந்தார், என்ன செய்தார், எது தீர்ந்தது, எது பழுது என்று தினமும் எழுதப்பட வேண்டும். சங்கத்திலிருந்து மாதம் ஒருவர் போய் அந்த நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து நோட்டு வெறுமையாக இருந்தால் மெஷினை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்றும் பேசியிருக்கிறோம். தலைமை ஆசிரியை அம்மா தயங்காமல் ஒப்புக்கொண்டார். "பணம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் ஐயா, நோட்டைக் கேட்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் இது தீர்மானத்திற்கு வருகிறது. 5,000 கொடுக்க எல்லோரும் தயார். 36 மாதம் 140 ரூபாய் கொடுக்கத்தான் சிலர் யோசிக்கிறார்கள். ஒரு தடவை கொடுப்பதற்கு விழா உண்டு, மாதாமாதம் கொடுப்பதற்கு விழா கிடையாது. ஆனால் பூட்டிய அறையின் முன் பளபளக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மாதச் சந்தாவுக்குக் கைதூக்காத இடத்தில் 5,000-மும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கூட்டத்திலும் அப்படியே சொல்லப் போகிறேன்.

மற்ற ஊர் வணிக நண்பர்களும், உங்களிடம் இப்படியொரு பள்ளி உதவி கேட்டு வந்தால், மெஷின் பட்டியலை வாங்கும் முன்பு சாவி வைத்திருக்கப் போகிற இரண்டு பேரின் பெயரை எழுதி வாங்குங்கள். பிறகு உங்கள் சங்கத்தில் மாதம் ஒருமுறை அங்கே போகச் சம்மதிப்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பன்னிரண்டு பேர் கிடைத்தால் ஒரு வருடம் ஓடிவிடும்.